நாற்பத்தொரு திட்டு

செத்துப்போனவன் திட்டினால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? எங்கள் ஆபீஸ் பெண்கள் ஏழெட்டு மாதம் இந்தக் கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள். வாய்விட்டுக் கேட்டவர்களை நான் திட்டினேன். பேயாவது பிசாசாவது, எழுதி வைத்ததை மிஷின் காட்டுகிறது, இதில் நடுங்க என்ன இருக்கிறது என்றேன். சொல்லும்போது என் குரல் தேவைக்கு மேல் ஓங்கித்தான் வந்தது. நானும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன், அதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

வில்லியனூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி, ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். பழைய நிலப்பத்திரங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிற வேலை. நொத்தேர் என்று வயசானவர்கள் இன்னும் சொல்கிறார்களே, பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து பத்திரம் எழுதிப் பதிந்து வைத்தவர்கள், அவர்களுடைய கையெழுத்தைப் படித்து முடிப்பதற்குள் கண் பூத்துவிடும். அடிப்பதற்குப் பதினான்கு பெண்கள். பாகூர்ப் பக்கமிருந்தும் நெட்டப்பாக்கம் பக்கமிருந்தும் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வருவார்கள். நான் சோரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில். அவர்கள் அடித்ததைச் சரிபார்க்கிற புரோகிராமைக் கவனித்துக்கொள்ள இரண்டு பேர், நானும் அந்தச் செத்துப்போனவனும்.

அந்தப் புரோகிராமுக்கு 'பாரு' என்று பெயர். அவன் எழுதியது. அதில் படம் கிடையாது, அமுக்கப் பொத்தான் கிடையாது. கருப்புத் திரையில் பாரு என்று அடித்து, ஓர் இடம் விட்டு, கோப்பின் பெயரையும் அடித்து என்டரைத் தட்டவேண்டும். பத்திரத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஒரு வார்த்தை பேசாது, அடுத்த வரியில் போய் நின்றுகொள்ளும். தப்பு இருந்தால்தான் வாயைத் திறக்கும். கருப்புத் திரையில் ஓடுகிற புரோகிராம்கள் பெரும்பாலும் இந்த ஜாதிதான்.

தப்பைச் சொல்வதற்கென்று எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. எந்தப் புரோகிராம் சொல்கிறது, பிழை எண் என்ன, எந்தக் கோப்பில் எந்த வரி, குறை என்ன. இந்த நான்கையும் இதே வரிசையில், ஒரே வாக்கியத்தில், எல்லாப் பிழைக்கும் ஒரே அச்சில் சொல்லவேண்டும். கோபம் கூடாது, கிண்டல் கூடாது, 'தயவுசெய்து' கூட வேண்டியதில்லை. எனக்கு இந்த முறை மேல் ஒரு வெறி உண்டு. வீட்டில் மசாலா டப்பா எல்லாம் ஒரே அளவில் வாங்கி அடுக்குகிறவள் நான்.

அவன் எழுதி வைத்திருந்தது வேறு. பத்திரம் என்றால் நிலத்துக்கு நான்கெல்லை சொல்லவேண்டும், வடக்கே யார் நிலம், தெற்கே எந்த வாய்க்கால் என்று. அதில் ஓர் எல்லை விட்டுப்போனால் திரையில் இப்படி வரும்: "யோவ், மூணு பக்கந்தான் கீது. நாலாவது பக்கம் எங்க போச்சி?" தேதியில் பதிமூன்றாவது மாதம் என்று அடித்துவிட்டால்: "காலண்டர தெனம் கிழிக்கிறியே, படிக்கிறியா?" கோப்பின் பெயரைத் தப்பாக அடித்தால்: "வெச்ச எடத்துல தேடு. தேடிப் பாத்துட்டு அப்பறம் வந்து கேளு." ஒரே பத்திரத்தை இரண்டாம் முறை ஏற்றினால்: "போட்டாச்சி. நீ வேற ஒரு வாட்டி போடாத." இப்படி நாற்பத்தொன்று. அடிக்கிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள், இவன் யோவ் யோவ் என்று எழுதி வைத்திருக்கிறானே என்று பெண்கள் சிரிப்பார்கள். ஆனாலும் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

ஆச்சரியம் என்னவென்றால் ஆள் பேசவே மாட்டான். கரையாம்புத்தூர்க்காரன். காலையில் வருவான், ஹெல்மெட்டைக் கழற்றி நாற்காலிக்கடியில் வைப்பான், சாயங்காலம் எடுத்து மாட்டிக்கொண்டு போவான். நடுவில் அவனிடமிருந்து நாலு வார்த்தை வந்தால் அன்றைக்கு மழை. இந்த ஊமைக்குள்ளே இவ்வளவு வாய் எப்படி இருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொள்வோம். உள்ளே அடைத்து வைத்திருந்ததையெல்லாம் புரோகிராமில் கொட்டிவிட்டான் என்று நானே ஒரு விளக்கமும் சொல்லி வைத்திருந்தேன்.

அதற்காகச் சும்மா விட்டேனா? வாரம் ஒரு தடவையாவது சண்டை. பிழைச் செய்தி என்பது பஸ்ஸில் எழுதியிருக்கிற 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' மாதிரி இருக்கணும், அரட்டை அடிக்கக் கூடாது என்பேன். அவன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மாசி மாதம் ஒரு சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது. எல்லார் முன்னாலும், நீ மாத்துறியா இல்ல நான் மாத்தட்டுமா என்று கத்திவிட்டேன். "இருக்கட்டும்பா, ஒரு ஓரமா," என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம். ஊருக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால், பின்விளக்கு இல்லாமல் ஓரமாக நிறுத்தி வைத்திருந்த ஒரு கரும்பு டிரெய்லரில் போய் மோதினான். ஹெல்மெட் இருந்தும் பிரயோஜனமில்லை.

நான்காம் நாள் ஆபீஸ் திறந்தோம். பதினோரு மணி இருக்கும், ஜன்னலோரம் உட்காருகிற பெண் வீல் என்று கத்தினாள். எல்லோரும் ஓடினோம். அவள் திரையில் அவன் காலண்டரைப் படிக்கிறியா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அழுதாள், பக்கத்தில் இருந்தவள் அழுதாள், நான் அந்தத் திரையைத் துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள் என்று எரிந்து விழுந்தேன். மறுநாள் வந்து பார்த்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் நெற்றியிலும் ஒரு விபூதிக் கீற்று. சர்வர் இருக்கிற அறை வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கியது. ஒருத்தி அவள் போகிற சர்ச்சிலிருந்து ஒரு சின்ன சிலுவை கொண்டுவந்து மானிட்டருக்குப் பின்னால் ஒட்டியிருந்தாள். ஓனர் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. திட்டு வாங்கப் பயந்துகொண்டு பெண்கள் பெரும்பாலும் தப்பில்லாமல் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள், அவருக்கு அதில் ஏக சந்தோஷம்.

என் கதை வேறு. சோதனை செய்வது என் வேலை, அதற்கு வேண்டுமென்றே தப்பான கோப்புகள் கொடுக்கவேண்டும். ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, ஓர் எல்லை குறைந்த பத்திரத்தைக் கொடுத்தேன். யோவ், நாலாவது பக்கம் எங்க போச்சி என்றான். ஆயிரம் தடவை பார்த்த வரி. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டேன். நீ மாத்துறியா நான் மாத்தட்டுமா என்று கேட்டவளிடம் அவன் ஏதோ திருப்பிக் கேட்கிறான் என்றே பட்டது. அதற்கப்புறம் சோதனைக்குக் கூட நல்ல கோப்புகளையே கொடுத்தேன். அது பேசாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. மாற்றுவதற்கு இப்போது யாரும் தடையில்லை. ஆனால் கை வரவில்லை.

வைகாசியில் ஓனர் அவனுடைய மனைவியை வேலைக்கு எடுத்தார். காரியத்துக்குப் போனபோது பார்த்த முகம், பி.காம் படித்தவள், முப்பதுகூட ஆகியிருக்காது. பிள்ளை இல்லை. மாமியார் வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பஸ் மாறி வருவாள். வேகமான கை. பேச்சும் வேகம்தான் போலிருந்தது, ஆனால் துக்க வீட்டுக்காரி என்று அடக்கி வைத்திருந்தாள். அவள் முன்னால் யாரும் பாருவைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தேன். எப்படியும் ஒரு நாள் அவளும் தப்பு செய்வாள், அப்போது என்ன ஆகும் என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் மூன்றாவது வாரம் வந்தது. நான் பின்னாலிருந்து பார்த்தேன். அவள் திரையில் ஒரு வரி வந்திருந்தது. அவள் கை விசைப்பலகையிலேயே இருந்தது. எழுந்து படியிறங்கிக் கீழே போனாள், உரக்கடைக்காரர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள், திரும்பி வந்து உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். அழவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, மனுஷி புத்தி அப்படித்தானே.

அதற்கப்புறம் அவளுடைய பிழைகள் ஏற ஆரம்பித்தன. மற்றவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ இருந்தால் இவளுக்கு ஒன்பது, பத்து. ஒவ்வொரு பிழையும் தானாக ஒரு பதிவில் ஏறும், யார், எந்தக் கோப்பு, என்ன செய்தி என்று. அந்தப் பதிவு எங்களுக்கு வேலை கொடுக்கிற வெளியூர்க் கம்பெனிக்கு மாதாமாதம் போகும். ஐப்பசியில் அங்கே ஒரு புது அதிகாரி வந்தார். பதிவைத் திறந்து பார்த்திருக்கிறார். இந்த 'யோவ்' என்பது என்ன பிழைக் குறியீடு என்று கேட்டு எழுதினார். அடுத்த வாரமே உத்தரவு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாச் செய்திகளும் ஒரே அச்சில் இருக்கவேண்டும், பழைய பிரதி எந்த மிஷினிலும் இருக்கக் கூடாது. கூடவே, பிழை வரம்பைத் தாண்டுகிறவர்களை நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு பட்டியல். பட்டியலில் ஒரே ஒருத்தி.

ஓனர் என்னைக் கூப்பிட்டு இரண்டையும் என் தலையில் கட்டினார். செய்தியை மாற்றுவது நீதான், திங்கள்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்வதும் நீதான், பொம்பளைக்குப் பொம்பளை சொன்னால் நல்லது என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் மேஜையிலிருந்த காலண்டரைத் தூக்கி எறிந்திருப்பேன். அவர் நல்ல மனுஷர், வேலை கொடுத்ததும் அவர்தான், அதனால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். நாள் செவ்வாய்க்கிழமை. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

அவளிடம் சொல்வதற்கு முன்னால் கையில் ஒரு காரணம் இருக்கட்டும் என்று அவளுடைய பிழைப் பதிவை எடுத்துப் படித்தேன். முதல் பக்கத்திலேயே ஒன்று இடித்தது. காலியான கோப்பு, ஓர் எழுத்துகூட இல்லாதது, அதைச் சரிபார்க்கக் கொடுத்திருக்கிறாள். ஒரு தடவை கைதவறிக் கொடுக்கலாம். அவள் பத்தொன்பது தடவை கொடுத்திருந்தாள். பத்தொன்பது தடவையும் அவன் ஒரே செய்தியைச் சொல்லியிருந்தான்: "வாயத் தொறந்து எதுனா சொல்லு."

மற்றதைப் பார்த்தேன். திங்கள்கிழமை வடக்கெல்லையை விட்டிருக்கிறாள், செவ்வாய்க்கிழமை தெற்கை விட்டிருக்கிறாள். ஒரு நாள் தேதியில் நாள் தப்பு, மறுநாள் மாதம் தப்பு, அதற்கு மறுநாள் வருஷம் தப்பு. கிடைத்த செய்தியைத் தாண்டி அடுத்ததுக்குப் போயிருக்கிறாள். கைதவறுகிறவள் இப்படி வரிசையாகத் தவறமாட்டாள். நான் சோதனை செய்கிற முறை இதுதான். எந்த மூலையில் என்ன செய்தி இருக்கிறது என்று அவள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் பயந்துபோய் விட்டுவிட்ட வேலையை அவள் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவளை மொட்டைமாடிப் படியில் உட்காரவைத்தேன். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கொஞ்சம் நனையாத இடம். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. வேலை போகப்போகிறது, தெரிந்தேதான் தப்பு செய்கிறாய் என்று எனக்குத் தெரியும், அவன் பேச்சைக் கேட்கவேண்டும் என்று தோன்றியது எனக்குப் புரிகிறது, ஆனால் வெள்ளிக்கிழமைக்கு மேல் அதுவும் இருக்காது, நான்தான் எடுக்கப்போகிறேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அது அவரு பேச்சு இல்ல க்கா," என்றாள். "எல்லாம் நான் சொன்னது."

எனக்கு விளங்கவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். கீரைப் பாத்தியை ஆடு மேய்கிறது, வேலி கட்டு என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். மூன்று பக்கம் கட்டிவிட்டுப் போய்விட்டான். நாலாவது பக்கம் எங்க போச்சி என்று அன்றைக்குக் கத்தியிருக்கிறாள். தினமும் காலண்டர் தாளைக் கிழிக்கிறவனுக்குக் கல்யாண நாள் மறந்துபோனது, அன்றைக்குக் கேட்டது காலண்டரைப் படிக்கிறியா என்பது. காலையில் வண்டிச் சாவியைக் காணோம் என்று வந்து நின்றால் வெச்ச எடத்துல தேடு. அவள் அடுப்படியில் இல்லாதபோது குழம்பில் அவனும் உப்புப் போட்டு வைப்பான், அதற்குத்தான் நீ வேற ஒரு வாட்டி போடாத. நாற்பத்தொன்றும் அவள் வாய். யோவ் என்பது அவள் புருஷனைக் கூப்பிட்டது.

"அஞ்சு வருசம் செவுத்துக்கிட்ட பேசறாப்ல பேசினு இருந்தேன் க்கா. ஒண்ணுத்துக்கும் பதில் வராது. வாயத் தொறந்து எதுனா சொல்லு, எதுனா சொல்லுன்னு நான் தெனம் கேப்பேன். காதுலயே வாங்கலன்னுதான் நெனச்சினு இருந்தேன்."

எங்களை விபூதி பூச வைத்தது, எலுமிச்சம்பழம் கட்ட வைத்தது, என்னை நாற்காலியை விட்டு எழ வைத்தது, எல்லாம் எங்கள் நடுவிலேயே நான்காவது நாற்காலியில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்த இந்தப் பெண்ணின் குரல். பேய் இல்லை என்று தெரிந்தால் பயம் போகவேண்டும். எனக்குப் போகவில்லை, கூடத்தான் செய்தது. ஒரு மனுஷன் வீட்டில் அத்தனையையும் கேட்டுக்கொண்டு, ஒன்றுக்கும் பதில் சொல்லாமல், மறுநாள் ஆபீசுக்கு வந்து ஒரு வரி பிசகாமல் எழுதி வைத்திருக்கிறான். ஒரு ஓரமாக இருக்கட்டும் என்று அவன் கேட்டது இதைத்தான். அதைத்தான் அரட்டை என்று நான் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

எத்தனை பார்த்துவிட்டாய் என்று கேட்டேன். முப்பத்தேழு என்றாள், நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். மொத்தம் நாற்பத்தொன்று, மிச்சம் நாலு, பட்டியலை அச்சடித்துத் தருகிறேன், வீட்டில் வைத்துப் படித்துக்கொள் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "தப்பு பண்ணாதான் க்கா வரணும். நான் ஒண்ணு பண்ணி, அதுக்கு அவரு சொல்லணும். காகிதத்துல படிக்க இன்னா கீது?"

அன்று சாயங்காலமே ஓனரிடம் போய்ப் பொய் சொன்னேன். அந்தப் பெண்ணின் பிழைகள் எல்லாம் நான் சொல்லிச் செய்த சோதனை, அவள் கணக்கில் ஏறியது என் தவறு, நானே கம்பெனிக்கு எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியும் கொடுத்தேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து சரி என்று பதில் வந்துவிட்டது. அவள் வேலை தப்பித்தது. செய்திகளை மாற்ற வைத்த வெள்ளிக்கிழமைக் கெடு மட்டும் தள்ளிப்போகவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளை என் மிஷினில், என் பெயரில் உட்காரவைத்தேன். மிச்சமிருந்த நாலும் அவளாகக் கண்டுபிடித்து வரவழைக்க முடியாதவை. திறக்க அனுமதியில்லாத ஒரு கோப்பை வைத்துக் கொடுத்தேன். "அது உன்னுது இல்ல, கைய எடு," என்று வந்தது. அவள் தட்டிலிருந்த மீன் துண்டைப் பேசாமல் எடுத்துக்கொள்வானாம். கோப்பின் பெயரை ஒரு முழ நீளத்துக்கு அடிக்கச் சொன்னேன், அதற்கு ஒன்று வந்தது. எழுத்துகள் குழம்பிப்போன ஒரு கோப்புக்கு ஒன்று. கடைசியாகச் சின்ன டிஸ்க் ஒன்றை நிரப்பி, இனி இடமில்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்தேன். "போதும்னா போதும்னு வாயால சொல்லு. இல்லன்னா போட்டுனேதான் இருப்பேன்." அவள் சிரித்துவிட்டாள். சோறு போடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பானாம், போதும் என்று கையைக்கூடக் காட்டமாட்டானாம். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நோட்டில் நாற்பத்தொன்று என்று எழுதிக் கீழே ஒரு கோடு போட்டாள். முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனாள்.

நான் மாற்ற உட்கார்ந்தேன். மாற்றுவதற்கு முன்னால், பட்டியலுக்கு வெளியே எங்காவது தமிழ் வரி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று புரோகிராம் முழுக்கத் தேடுவது என் பழக்கம். ஓரிடத்தில் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைப் பாதியில் நிறுத்த இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தவேண்டும். எங்கள் பெண்களுக்கு அதைத் தொடவே கூடாது என்று சொல்லி வைத்திருந்தோம், அதனால் யாரும் அழுத்தியதில்லை. நானும் அந்தப் பகுதியைத் திறந்து பார்த்ததில்லை. அங்கே இரண்டு வரி எழுதி வைத்திருந்தான். படித்தேன்.

அவளிடம் காட்டவேண்டாம் என்று நினைத்தேன். இரண்டு நிமிஷத்தில் அழித்துவிட்டு எழுந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. நாற்பத்தொன்றோடு அவள் மனசு ஒரு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது, அதைக் கலைப்பானேன். ஆனால் அது எனக்கு வந்த கடுதாசி இல்லையே. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்ததும், இன்னொன்று இருக்கிறது என்றேன்.

ஒரு பத்திரத்தைக் கொடுத்தால் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். அதனால் அந்த மாதம் அடித்த பத்திரங்கள் மொத்தத்தையும் சரிபார்க்கக் கொடுத்து ஓடவிட்டேன். எந்த இரண்டு விசை என்று காட்டினேன். அழுத்தினாள். திரையில் வந்தது:

"போறதுன்னா சொல்லிட்டுப் போ. எத்தினி வாட்டி சொல்றது?"

"போயிட்டு வரேன்."

அவள் முதல் வரியைப் படித்துத் தலையாட்டினாள். தினம் காலையில் வாசலில் வண்டி கிளம்புகிற சத்தம் மட்டும்தான் கேட்குமாம். அடுப்படியிலிருந்து இவள் ஓடிவருவதற்குள் தெருமுனை திரும்பியிருப்பானாம். அந்தக் கடைசி நாளும் அப்படித்தான் போனான் என்றாள். பிறகு இரண்டாவது வரியில் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை.

"இது நான் சொன்னது இல்ல க்கா," என்றாள்.

மறுபடி ஓடவிட்டாள். அழுத்தினாள். போயிட்டு வரேன் என்றான். மறுபடி ஓடவிட்டாள். ஐந்தரை மணி ஆகிப் பெண்கள் ஒவ்வொருத்தராகப் பையை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் முதல் வரியை வாய்க்குள் சொன்னாள், இரண்டாவது வரி வருகிறவரை காத்திருந்தாள், அது வந்தது. நான் அழுது தொலைத்தேன், அவள் கவனிக்கவில்லை.

ஆறு மணிக்கு மேல் அவள் கையை எடுத்தாள்.

"எடுத்துடு க்கா. இது இருந்தா நான் வூட்டுக்குப் போவ மாட்டேன்."

நாளைக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம், கம்பெனிக்கு நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன் என்றேன். நிஜமாகவே சொல்லியிருப்பேன், அன்றைக்கு நான் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. இப்போதே எடு, நான் பார்க்கணும் என்று என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றாள். நாற்பத்தொன்றையும் முதலில் மாற்றினேன். ஒரே அச்சு, ஒரே வரிசை, நான் வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக் கேட்டது. கடைசியாக அந்த இரண்டு வரிகளை அழித்தேன். அங்கே என்னுடைய வரியை அடித்தேன். சேமித்தேன்.

அவள் குனிந்து, தானே ஓடவிட்டு, இரண்டு விசைகளையும் அழுத்தினாள். 'பாரு: பிழை 42: செயல் பாதியில் நிறுத்தப்பட்டது' என்று வந்தது. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். அதேதான் வந்தது. நோட்டைப் பையில் வைத்தாள், குடையை எடுத்தாள். போறதுன்னா சொல்லிட்டுப் போ என்று புருஷனிடம் தினம் கேட்ட பெண் அவள். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள். நானும் கூப்பிடவில்லை.